கடைக்கணக்கும் கல்விக்கணக்கும்: தெலுக் இந்தானில் நம்மவர் உயர்கல்வி வந்த வழி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நமது சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டபோது, கடைத்தெருவில் இருக்கும் எங்களைப் போன்ற இளைய வியாபாரிகளுக்குத் தயக்கமாக இருந்தது. நாங்கள் வரலாறு படித்தவர்கள் அல்லர். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்குத் திரும்பியவர்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாள்தோறும் கேட்கிறோம். எஸ்.பி.எம். முடிவு வெளியானதும் கடைக்கு வரும் தாய்தந்தையர், "தம்பி, பிள்ளையை எந்தத் துறைக்கு அனுப்பலாம்? படித்து முடித்தால் எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் ஊரில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை எங்களால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறோம்.

துறைமுக ஊரில் கற்ற பாடம்

இன்று தெலுக் இந்தான் என்று அழைக்கப்படும் நம் ஊருக்கு 1982 வரை தெலுக் ஆன்சன் என்று பெயர். பேரா ஆற்றின் வளைவில் அமைந்த துறைமுகம் இது. 1885-இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம் அப்போது ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் இருந்தது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் பாதை வந்தது. கிந்தாவின் ஈயமும் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ரப்பரும் கொப்பரையும் இங்கிருந்து கப்பல் ஏறின. ஜென்டராட்டாவில் 1906-இல் தொடங்கிய தோட்டம் பின்னாளில் யுனைட்டெட் பிளான்டேஷன்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழர்களுக்கு அரிசி, பருப்பு, மசாலைச் சாமான், துணி எல்லாம் தேவைப்பட்டன. அந்தத் தேவையைத் தொடர்ந்து நம் பாட்டனார்கள் வந்தார்கள்.

இராமநாதபுரம் சீமையிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்தும் வந்த அவர்களில் பலர் தனி ஆளாக வந்தவர்கள். குடும்பம் ஊரில் இருந்தது. மகன் பத்துப் பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறி வந்து அத்தாவின் கடையிலோ மாமாவின் கடையிலோ நின்றான். அவனுக்குத் தேவைப்பட்ட படிப்பு குர்ஆன் ஓதுதல், தமிழ் எழுத்து, மனக்கணக்கு, கொஞ்சம் மலாய்ப் பேச்சு. கடைதான் பள்ளிக்கூடம். நாள் முடிவில் பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரவு உறக்கமில்லை. அந்தப் படிப்பு ஏளனத்திற்குரியது அன்று. ஐந்தாறு பிள்ளைகளைக் கரையேற்றியது அதுதான்.

இருந்தாலும் நம்மவர் கல்வியை மறந்துவிடவில்லை. இரு கரையிலும் காலூன்றிய சமுதாயமாக இருந்ததால், வசதி உள்ளவர்கள் மகன்களை ஊரிலேயே படிக்க வைத்தார்கள். தமிழகத்தில் 1951-இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் தோன்றின. அதிராம்பட்டினம் காதிர் மொகிதீன் கல்லூரி 1955-இலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி 1956-இலும் வந்தன. தமிழ் முஸ்லிம்களின் முதல் பட்டதாரித் தலைமுறைகள் உருவான இடங்களில் இக்கல்லூரிகள் முக்கியமானவை. வியாபாரத்தில் ஈட்டிய பொருளை வணிகச் சமுதாயம் கல்லூரியாக மாற்றியதற்கு இவை சான்று.

ஒரே ஒரு பல்கலைக்கழகம்

மலாயாவில் நிலைமை வேறாக இருந்தது. சிங்கப்பூரில் 1905-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், பிறகு வந்த ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949 அக்டோபரில் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1962-இல் அது கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை உருவானதும், 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் நம் மொழிக்குக் கிடைத்த பெருமைகள்.

ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய ஆங்கிலப் பள்ளிப் படிப்பு வேண்டும். நம் ஊரில் ஹார்லி மெதடிஸ்ட், செயின்ட் அந்தோனி, கான்வென்ட் ஆகிய பள்ளிகள் அதற்கு வழி. கட்டணம் கட்டி ஆறாம் படிவம்வரை பிள்ளையை வைத்திருக்கக் கடையின் வருமானம் இடம் தர வேண்டும். மூத்த மகன் கடைக்கு, இளைய மகன் பள்ளிக்கு என்று பல வீடுகளில் பிரித்தார்கள். அந்நாளில் பட்டதாரியாக வந்தவருக்கு வேலை தேடும் கவலை பெரும்பாலும் இல்லை. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், அரசாங்க அதிகாரி ஆகிய நான்கு வாசல்களில் ஒன்று திறந்தது. படித்தவர் குறைவு, இடம் அதிகம். எந்தத் துறை என்பதைவிடப் பட்டம் உண்டா இல்லையா என்பதே வருமானத்தைத் தீர்மானித்தது. "பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் போதும்" என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்த சொல்.

1969-லிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பல பெரியவர்கள் கடையை உறவினரிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். தங்கியவர்கள் குடும்பத்தை இங்கே வரவழைத்தார்கள். அதன் பிறகுதான் நம் பிள்ளைகள் முழுமையாக இந்நாட்டுப் பள்ளிகளின் பிள்ளைகள் ஆனார்கள். நமது சங்கம் போன்ற அமைப்புகள் ஜனாஸா, நோன்புக் கஞ்சி, மதரசா ஆகியவற்றோடு பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் கவனிக்கத் தொடங்கிய காலமும் அதை ஒட்டியதே.

வாசல்கள் பெருகின

1969-இல் பினாங்கில் இரண்டாவது பல்கலைக்கழகம், 1970-இல் தேசியப் பல்கலைக்கழகம், 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகம், 1972-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்து வந்தன. இன்று பொதுப் பல்கலைக்கழகங்கள் 20. அதே காலத்தில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி பகிரப்பட்டன. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மொழிமாற்றம் ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 1980களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தை எட்டியது.

இந்த மாற்றத்தில் நம் சமுதாயத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. நம் பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியர்' என்றும், சிலருக்கு 'மலாய்க்காரர்' என்றும் பதிவாகியுள்ளது. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. ஒரே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்த இரு பிள்ளைகளில் ஒருவர் மெட்ரிகுலேஷனுக்கும் மற்றவர் எஸ்.டி.பி.எம்.முக்கும் போனதை நாம் கண்டிருக்கிறோம். மனக்குறை இல்லை என்று சொன்னால் அது பொய். 2002-இல் தகுதி அடிப்படை முறை அறிவிக்கப்பட்டபோதும், மெட்ரிகுலேஷனும் எஸ்.டி.பி.எம்.மும் இரண்டு வெவ்வேறு பாதைகளாகவே இருந்தன. 2024-இல் எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் வாய்ப்பு என்று அரசாங்கம் அறிவித்தது ஒரு நல்ல அடி. ஆனால் 10 ஏ வாங்குகிற பிள்ளைக்கு எப்படியும் ஒரு வழி கிடைத்துவிடும். 5 ஏ, 6 ஏ வாங்குகிற பிள்ளைக்குத்தான் வழிகாட்ட ஆள் தேவை.

நம் மாநிலத்தில் இன்னொரு வாசலும் திறந்தது. யுனெஸ்கோ உதவியோடு 1969-இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பொலிடெக்னிக் நாட்டிலேயே முதலாவது. மின்சாரம், இயந்திரம், கட்டுமானம், வணிகம், கப்பல் பொறியியல் என்று கைக்குப் பயன்படும் கல்வியை அது தந்தது. பட்டம் கிடைக்காதவன் போகுமிடம் என்று சிலர் இதை இழிவாகப் பேசியதுண்டு. எங்களில் பலர் பொலிடெக்னிக் வாசலில் நுழைந்தபோது எங்கள் வீடுகளிலும் அந்தப் பேச்சு இருந்தது. இன்று குளிரூட்டி பழுதானால், மின்கட்டணம் ஏறினால், கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டுமானால், அந்த டிப்ளோமாதான் எங்கள் கடைகளைக் காக்கிறது.

எல்லாரும் நுழையலாம், கடனோடு

அடுத்த பெரிய திருப்பம் 1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வந்தது. 1996-இல் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டம் வந்தது. 1997-இல் பி.டி.பி.டி.என். என்ற கல்விக்கடன் நிதி தொடங்கியது. அதே ஆண்டு பேராவிலேயே ஶ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கிவந்த தஞ்சோங் மாலிம் கல்லூரி சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகமாயிற்று. 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் கம்பாரில் வளாகம் திறந்தது. தெலுக் இந்தானிலிருந்து காரில் போய்ச்சேரும் தூரத்தில் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன. நம் பாட்டனார்கள் நினைத்துப் பார்க்காத வசதி இது.

பணம் இல்லாவிட்டாலும் கடன் உண்டு என்ற நிலை வந்ததும், உள்ளே நுழைவது எளிதாயிற்று. தொடக்கத்தில் நிர்வாகக் கட்டணம் என்று வாங்கப்பட்டது. மார்க்க அடிப்படையில் நம்மில் பலருக்கு அதில் மனச்சங்கடம் இருந்தது. பின்னர் அது 1 விழுக்காடு உஜ்ரா என்ற முறைக்கு மாற்றப்பட்டது. முதல் வகுப்பில் தேறியவர்களில் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கும் உண்டு. இதை இன்னும் பல பிள்ளைகள் அறியவில்லை. மற்றவர்கள் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். கடனை அடைப்பது நம் மார்க்கத்தில் மரணத்திற்குப் பிறகும் தொடரும் பொறுப்பு.

எண்கள் சொல்வது

எல்லாரும் உள்ளே நுழைந்த பிறகு, வெளியே என்ன நடந்தது? 2018-ஆம் ஆண்டுக்கான பேங்க் நெகாரா அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. 2010-க்கும் 2017-க்கும் இடையில் டிப்ளோமாவும் பட்டமும் பெற்று வேலைச் சந்தைக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி சுமார் 173,000 பேர். அவர்கள் படிப்புக்கு ஏற்ற உயர்திறன் வேலைகள் ஆண்டுக்குச் சுமார் 98,000 மட்டுமே புதிதாக உருவாயின. வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரக்கு 173 மூட்டை வந்து இறங்கி, வாங்க 98 பேர் மட்டும் நின்றால் விலை என்னவாகும்?

விலை இறங்கியது. விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், டிப்ளோமா படித்தவரின் தொடக்கச் சம்பளம் 2010-இல் 1,458 ரிங்கிட், 2018-இல் 1,376 ரிங்கிட். இளநிலைப் பட்டதாரிக்கு 1,993 ரிங்கிட்டிலிருந்து 1,983 ரிங்கிட். முதுநிலைப் பட்டதாரிக்கு 2,923 ரிங்கிட்டிலிருந்து 2,707 ரிங்கிட். எட்டு ஆண்டுகளில் மூவருக்குமே குறைந்திருக்கிறது. கையில் வாங்கும் தொகை கூடியிருக்கலாம், ஆனால் அந்தத் தொகைக்குக் கிடைக்கும் சாமான் குறைந்துவிட்டது.

இன்னொரு பக்கம் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022-இல் 1,500-ஆகவும், 2025-இல் 1,700-ஆகவும் உயர்ந்தது. உழைப்பவருக்கு இது நியாயமே. ஆனால் படித்தவரின் தொடக்கச் சம்பளத்திற்கும் படிக்காதவரின் சம்பளத்திற்கும் உள்ள இடைவெளி சுருங்கியதால், "படித்து என்ன கண்டாய்?" என்ற பேச்சு கடைத்தெருவில் எழுந்தது. அண்மை ஆண்டுகளின் புள்ளிவிவரப்படி உயர்கல்வி பெற்று வேலை செய்வோரில் 36, 37 விழுக்காட்டினர் தம் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள். உணவு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளில் நம் பட்டதாரிப் பிள்ளைகளையும் பார்க்கிறோம். அது இழிவான தொழில் அல்ல. ஆனால் அதற்கு நான்கு ஆண்டும் கடனும் தேவையில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, தொடக்கச் சம்பளம் வாழ்நாள் சம்பளம் அன்று. நாட்டில் உயர்கல்வி பெற்றவரின் நடுநிலைச் சம்பளம் இடைநிலைக் கல்வியோடு நின்றவரின் சம்பளத்தைவிட இன்றும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பட்டதாரியின் சம்பளம் வயதோடு ஏறுகிறது, மற்றவருடையது சீக்கிரமே நின்றுவிடுகிறது. இரண்டாவது, உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பட்டதாரிகளிடம் எடுக்கும் கணக்கெடுப்பில் சொல்லப்படும் 'சந்தைப்படும் விழுக்காடு' என்பது வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. மேற்படிப்புக்குப் போனவர், திறன்பயிற்சி பெறுபவர், வேலையில் சேரும் தேதிக்காகக் காத்திருப்பவர் ஆகியோரும் அதில் அடங்குவர். ஆகவே ஒரு கல்லூரி விளம்பரத்தில் 95 விழுக்காடு என்று கண்டால், அதில் வேலையில் இருப்பவர் எத்தனை, படித்த துறையிலேயே இருப்பவர் எத்தனை, என்ன சம்பளம் என்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

துறைக்குத் துறை வேறுபாடு

பட்டம் என்ற சொல் இப்போது ஒரே பொருளைத் தருவதில்லை. அரிசி என்று சொன்னால் எந்த அரிசி என்று கேட்பதுபோல, பட்டம் என்றால் எந்தப் பட்டம் என்று கேட்க வேண்டிய காலம் இது.

மருத்துவம் நம் வீடுகளின் பெருங்கனவு. மணிப்பால் முதல் இந்தோனேசியா, எகிப்து, ரஷ்யா வரை பிள்ளைகளை அனுப்பினோம். சிலர் நிலத்தை விற்றார்கள். ஐந்து ஆண்டுப் படிப்பு முடிந்ததும் நிரந்தர அரசாங்க வேலை என்ற உறுதி 2016 டிசம்பரோடு போயிற்று. அப்போது தொடங்கிய ஒப்பந்த முறையின் விளைவாக, 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். கொரோனா உச்சத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். மருத்துவம் இன்றும் உயர்ந்த பணி, வேலையும் உண்டு. ஆனால் பயிற்சி மருத்துவராகக் காத்திருக்கும் காலம், ஒப்பந்தம், நிபுணராக ஆகும் நீண்ட பாதை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் உண்டா என்பதை முன்பணம் கட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

சட்டத்தில் படிப்பு முடிந்த பிறகும் ஒன்பது மாதப் பயிற்சி உண்டு. அக்காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை சொற்பம். நிலைபெற்ற பிறகே வருமானம். பொறியியலில் வேலை உண்டு, ஆனால் தொடக்கச் சம்பளம் பலருக்கு 3,000 ரிங்கிட்டை எட்டுவதில்லை. சிங்கப்பூர் போகிறவர்கள் அதிகம். கணக்கியல் நம் சமுதாயத்திற்கு இயல்பாகப் பொருந்தும் துறை. 2015-இல் ஜி.எஸ்.டி. வந்ததும், 2018-இல் அது போய் எஸ்.எஸ்.டி. திரும்பியதும், 2024 ஆகஸ்டிலிருந்து மின்விலைப்பட்டியல் முறை படிப்படியாக வருவதும் ஒவ்வொரு கடையையும் கணக்காளரிடம் அனுப்பின. நம் பேரேட்டை எழுதிக்கொடுக்க நாம் வெளியாருக்குப் பணம் கட்டுகிறோம். நம் பிள்ளைகளில் கணக்காளர்கள் இன்னும் போதவில்லை.

கலை, சமூகவியல், பொது நிர்வாகம் ஆகிய துறைகளில் இடம் எளிதாகக் கிடைக்கிறது, வேலை மெதுவாகக் கிடைக்கிறது. இத்துறைகளை நாம் இகழவில்லை. தமிழ் படித்தவர் இல்லாவிட்டால் இந்த மலரே வந்திராது. ஆனால் அத்துறையை எடுக்கும் பிள்ளை, கூடவே மொழித்திறனோ கணினித்திறனோ ஆசிரியப் பயிற்சியோ ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். மார்க்கக் கல்வி கற்று ஆலிமாக வருபவர்களுக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டதாரிக்கு முதலாளி குறைத்துக் கொடுக்கிறார் என்று குறைசொல்லும் நாம், நம் இமாமுக்கும் உஸ்தாதுக்கும் என்ன கொடுக்கிறோம்?

கைத்தொழிற்கல்வி நிலையங்களில் படித்தவர்களுக்கு வேலை கிடைக்கும் விழுக்காடு 90-க்கு மேல் என்று அரசாங்கம் அறிவித்து வருகிறது. மேலே சொன்ன மூன்று கேள்விகளை அங்கேயும் கேட்கலாம். ஆனால் மின்பணியாளர், பற்றவைப்பவர், குளிரூட்டிப் பழுதுபார்ப்பவர் ஆகியோருக்கு இந்த ஊரில் எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

பாதியில் நின்றவர்கள்

எந்தத் துறை என்ற கேள்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை படிப்பை முடிக்கிறதா? பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைச் சங்கத்தில் அறிவித்துப் பாராட்டுகிறோம், முடித்தாரா என்று பின்னால் கேட்பதில்லை.

கடைக்கணக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் நான்கு ஆண்டு வேலை செய்தால் 81,600 ரிங்கிட். படிக்கப் போகிறவர் இந்தத் தொகையை விட்டுவிட்டுப் போகிறார். முடித்து வந்து மாதம் 800 ரிங்கிட் கூடுதலாகச் சம்பாதித்தால், ஆண்டுக்கு 9,600. விட்ட தொகையை எட்டரை ஆண்டில் மீட்டுவிடுவார். சம்பளம் ஏற ஏற இன்னும் விரைவில் மீட்பார். அதன் பிறகு வருவதெல்லாம் இலாபம். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் நின்றுவிட்டவருக்கு? 61,200 ரிங்கிட் போயிற்று, கடன் உண்டு, கையில் காகிதம் இல்லை. எந்தத் துறையானாலும் மிகப் பெரிய நட்டம் இதுதான்.

நம் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? அறிவு குறைந்து நின்றவர்கள் சிலரே. எங்கள் கடை வரிசையில் ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெரிய மகன் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தார். நோன்பு மாதத்திற்கு முன் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பருவம் மட்டும் விடுப்பு எடுப்பதாகச் சொல்லி வந்தவர், சரக்கு வரவு, வாடகை, தம்பி தங்கை என்று மாட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. கடையை நன்றாகவே நடத்துகிறார். ஆனால் கல்விக்கடன் கடிதம் வரும்போதெல்லாம் அதைப் பிரிக்காமல் மேசைக்குள் வைத்துவிடுவார். "முடித்திருந்தால் இதைச் சந்தோஷமாகக் கட்டியிருப்பேன்" என்று ஒருமுறை சொன்னார்.

அந்தச் சமயத்தில் நாங்கள் என்ன செய்தோம்? மருத்துவமனைக்குப் பழம் வாங்கிப் போனோம், துஆ செய்தோம். கடையில் முறைவைத்து ஆறு மாதம் நிற்க ஆள் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களான எங்கள்மீதும் அந்தக் குறை இருக்கிறது. பிறகு அவருடைய தங்கை கணக்கியல் படிக்கும்போது தாயாருக்கு அறுவை சிகிச்சை வந்தது. இம்முறை கடை வரிசையில் நான்கு பேர் சேர்ந்து மாலை நேரங்களைப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பெண் ஒரு நாள்கூட வகுப்பை விடவில்லை. இன்று எங்களில் மூன்று கடைகளின் கணக்கை அவரே பார்க்கிறார்.

பாதியில் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. தலைநகரில் ஒரு தனியார் கல்லூரி ஒருவருக்கு அங்கீகாரம் பெறாத பாடத்தை விற்றது. இரண்டு ஆண்டுக்குப் பிறகுதான் அது தெரிந்தது. 2007-லிருந்து மலேசியத் தகுதி நிறுவனம், அதாவது எம்.க்யூ.ஏ., அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் இரண்டு ஆண்டு போயிற்று.

பெண்பிள்ளைகள்

இந்த வரலாற்றில் மகிழ்ச்சியான பகுதி நம் பெண்பிள்ளைகளுடையது. நம் பாட்டிமார்களின் காலத்தில் பெண்ணுக்கு ஓதல் போதும் என்றார்கள். தமிழகத்தில் 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றிய காலத்தில்தான் நம் சமுதாயத்தில் பெண்ணின் பட்டப்படிப்பு இயல்பான பேச்சாகத் தொடங்கியது. இன்று மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவிகளே பெரும்பான்மை. நம் ஊரிலும் அப்படியே. படிப்பை உரிய காலத்தில் முடிப்பவர்களும் அவர்களே அதிகம் என்பது நாங்கள் கண்ணால் கண்டது. பையனைக் கடை இழுக்கிறது, பெண்ணைக் கடை இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். ஆனால் படித்து முடித்த பெண்ணைத் திருமணத்திற்குப் பிறகு வேலையை விடச்சொல்லும்போது, மேலே போட்ட கணக்கை நாமே கிழித்துப் போடுகிறோம். முடிவு அந்தந்தக் குடும்பத்தினுடையது. ஆனால் அதை அந்தப் பெண்ணையும் கேட்டு எடுக்க வேண்டும்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு

வரலாறு எழுதச் சொன்னார்கள். எழுதி முடிக்கும்போது சில வேண்டுகோள்களையும் வைக்க அனுமதி கேட்கிறோம்.

ஒன்று, இடம் கிடைத்தவர்களைப் பாராட்டும் நிகழ்ச்சியோடு, முடித்தவர்களைப் பாராட்டும் நிகழ்ச்சியும் வேண்டும். அதில் டிப்ளோமாவும் கைத்தொழிற்சான்றிதழும் பட்டத்தோடு ஒரே மேடையில் நிற்க வேண்டும்.

இரண்டு, சங்கத்தின் கல்வி உதவியை முதலாண்டு மாணவருக்கு மட்டும் கொடுக்காமல், இடையில் வீட்டில் இடி விழுந்த மாணவருக்காக ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பேரா மாநில ஜக்காத் நிதியிலும் மாணவர்களுக்கு உதவி உண்டு. விண்ணப்பம் எழுதிக்கொடுக்கச் சங்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

மூன்று, கடைகளுக்குள் முறைவைத்து உதவும் ஏற்பாடு. ஒரு குடும்பத்தில் நோயோ மரணமோ வந்தால், படிக்கும் பிள்ளை திரும்பி வரும் முன் பக்கத்துக் கடைக்காரர்கள் போய் நிற்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. நான்கு பேரின் மாலை நேரம் போதும்.

நான்கு, ஆண்டுதோறும் எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஒரு மாலை. வெவ்வேறு துறைகளில் படித்து முடித்து ஐந்து ஆண்டு ஆன நம் பிள்ளைகள் வந்து, என்ன படித்தார்கள், எவ்வளவு செலவு, இப்போது என்ன சம்பளம், மறுபடி வாய்ப்பிருந்தால் அதையே எடுப்பார்களா என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எந்த அறிக்கையும் தராத தகவல் அது.

நம் பாட்டனார்கள் எழுதிய பேரேடுகள் சில இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மீதம் எழுதி, அதை அடுத்த பக்கத்திற்குக் கொண்டுபோயிருப்பார்கள். நம் பிள்ளைகளின் கல்விக்கும் அப்படி ஒரு கணக்கு எழுதப்பட வேண்டும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று சங்கத்தில் ஒரு பதிவேடு இருந்தால், நூறாம் ஆண்டு மலரில் இதே கட்டுரையை எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு எங்களைவிட எளிதாக இருக்கும்.

சங்கத்தைத் தொடங்கி இன்று நம்மோடு இல்லாத பெரியவர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளியாக்குவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வருமானத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.